மைக் இல்லாத கிடார்

எங்கள் இன்னிசைக் குழுவின் நோட்டீசில் 'கிடார் உண்டு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்தக் கிடார் நான்தான். அறுபதுகளில் கடலூர் முதுநகரிலிருந்து கிளம்பி, குறிஞ்சிப்பாடி, புவனகிரி என்று கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தோம். குழுவுக்கு இரண்டே மைக். ஒன்று பாடுகிறவருக்கு, இன்னொன்று ஆர்மோனியத்துக்கு. ஆர்மோனியம் வாசித்தவர் என் அக்காவின் கணவர்; குழுவே அவருடையதுதான். அவருக்குப் பக்கத்தில் கிடாரை மாட்டிக்கொண்டு நான் நிற்பேன். நான் வாசிப்பது முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக்கூடக் கேட்காது.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரக் குடும்பம் ஊரைக் காலி செய்தபோது விற்றுவிட்டுப் போன கிடார் அது. அதை வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. யாராவது கேட்க வேண்டுமே என்ற அரிப்பு. மைக் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது.

"இருக்கறதே ரெண்டு மைக்கு. உனக்கு எதுக்குடா? சும்மா மாட்டிக்கினு நில்லு, கல்யாண வீட்டுக்காரங்களுக்கு அது போதும்" என்பார் மாமா.

ஆறு வருஷம் அப்படித்தான் நின்றேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ரசம் வருவதற்குள் கை கழுவுகிறவன் என்று அக்கா கேலி செய்வாள். அப்படிப்பட்டவன் ஆறு வருஷம் பொம்மையாக நின்றதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

புவனகிரியில் ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டு உறவாக வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் மேடை ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். அவருக்கு மட்டும் என் கிடார் கேட்டிருக்கிறது. பந்திக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, சிதம்பரத்துல எங்க ஹாஸ்டல் விழாவுக்கு வந்து தனியா வாசிக்கிறீங்களா? அரை மணி நேரம். கிடாரும் தபலாவும் போதும்."

இலையில் என்ன பரிமாறினார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை. மாமாவிடம் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"போறதுன்னா போ. ஆனா தனியா போனவன் தனியாவே இருந்துக்கணும். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

சிதம்பரத்தில் சொதப்பினால் குழுவும் இல்லை, மேடையும் இல்லை. காலம் முழுக்க மல்லாட்டை மில்லில் எடை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். முதுநகரில் அதை உடைக்கிற மில்லில் மூட்டைகளை எடை போட்டு உள்ளே அனுப்புவதுதான் என் சோற்று வேலை.

விழாவுக்கு மூன்று மாதம் இருந்தது. முதலில் விரல்களைத் திருத்தினேன். கிடார்க் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பின்னால் கொண்டுபோனேன். சம்பந்தி மாதிரி வேலை செய்யாமல் விறைத்து நின்ற சுண்டுவிரலையும் வேலைக்கு இழுத்தேன். தந்தியை அழுத்தமாகப் பிடிக்காவிட்டால் முனகும். முனகல் நிற்கும்வரை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். விரல்நுனி வெடித்து, காய்த்து, மறுபடி வெடித்தது.

தாளத்துக்குத்தான் துணை இல்லை. எங்கள் குழுவின் தபலாக்காரன் என் வயதுக்காரன், லால்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். கடையை விட்டு வர முடியாது, நேராக மேடைக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டான். யோசித்துப் பார்த்தேன். மில்லில் ஆயில் என்ஜின் நாள் முழுக்க டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறதே, அதைவிடத் தாளம் தவறாதவர் யார்? எடை போட்டு முடித்ததும், மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பின்சுவரில் சாய்ந்துகொண்டு அந்த டக் டக்கோடு சேர்ந்து வாசித்துப் பழகினேன். மூன்றே வாரத்தில் ஒரு அடிகூடப் பிசகவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

பிற்காலத்தில் தனியாக எத்தனையோ மேடை ஏறி, அதிலேயே பிழைத்தும் விட்டேன். ஆனால் சிதம்பரத்தில் அன்று சாயங்காலம் மைக்கை என் கிடாருக்கு முன்னால் இறக்கி வைத்த நிமிஷம் மாதிரி இன்னொன்று வாய்க்கவில்லை. முதல் தந்தியைத் தொட்டதும் என் சத்தம் ஒலிபெருக்கி வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. உடம்பு சிலிர்த்தது. விரல்கள் சுத்தமாக விழுந்தன. மாணவர்கள் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள்.

சரணத்தில் தபலாக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், இழுக்காத."

நான் எங்கே இழுத்தேன்? அவன்தான் பறக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "ஓடாத, ஓடாத" என்றான். மாணவர்களின் கைதட்டல் ஆளுக்கொரு பக்கம் சிதறியது. யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. எல்லாப் பாட்டையும் வாசித்துத்தான் இறங்கினேன். எப்படி வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

ஸ்டேஷன் எதிரே டீ குடிக்கும்போது தபலாக்காரன் கேட்டான். "எத வச்சிப் பழகுன நீ?"

"மில்லுல. என்ஜினு தாளத்துக்கு."

கிளாசைக் கீழே வைத்தான். "அடப்பாவி! மல்லாட்டைய கொட்டுனா என்ஜின் மூச்சு வாங்கும், ஒடச்சி முடிச்சா ஓடும். மூட்டைக்கு மூட்டை அத அப்படியே வாசிச்சிருக்க, மச்சான்!"

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அந்த மூட்டைகளை எடை போட்டு உள்ளே அனுப்பியவனே நான்தான்.

இரண்டு நாள் கழித்து மாமா மில் வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தினார்.

"சிதம்பரத்துக்கு வந்திருந்தேன். கடைசில நின்னுக்கினு கேட்டேன்" என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. "நீ ஓடுவேன்னு எனக்கு மொதல்லேந்தே தெரியும்டா. பக்கத்துலயே நிக்கிற, எனக்குக் கேக்காதா? நீ சின்ன வயசுலேந்தே அவசரக் குடுக்கை. அதனாலதான் மைக்கு குடுக்கல. ஆறு வருஷமா உன் தப்பு ஊரு காதுல உழாம பாத்துக்கினேன். போனது போவட்டும். வியாழக்கெழம குறிஞ்சிப்பாடில கல்யாணம். வந்து நில்லு."

என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். ஒரு நிமிஷம் எனக்கு அழுகைகூட வந்தது. 'தனியாவே இருந்துக்கணும்' என்றவர் தானே இறங்கி வந்திருக்கிறார். அது லேசான காரியம் இல்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த ஆறு வருஷம் குறுக்கே வந்து நின்றது.

"ஊரு காதுல உழல, சரி மாமா. எங்காதுலயும் உழ உடலியே நீங்க."

ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வரியா, இல்லியா?"

"வரல."

வியாழக்கிழமை சாயங்காலக் கச்சேரிக்கு அவர்கள் குறிஞ்சிப்பாடிக்குப் போனார்கள். நான் காலையிலேயே லால்பேட்டைக்கு பஸ் ஏறினேன். கடைக்குப் பின்னால் தபலாவை வைத்துக்கொண்டு, ஒரே தந்தியில் ஒரே அடியை மத்தியானம் குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பும்வரை என்னை வாசிக்கவைத்தான் தபலாக்காரன். வேகத்தைக் கூட்டவே விடவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை.

மறுநாள் அக்கா வந்தாள். கல்யாணம் நன்றாக நடந்ததாம். மேடையில் என் இடத்தைக் காலியாகவே விட்டிருந்தாராம் மாமா. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கிடார் எங்கன்னு யாராச்சும் கேட்டாங்களாக்கா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. என் முகத்தைப் பார்க்காமல், "ஒருத்தரும் கேக்கலடா" என்றாள்.