ஐந்து கிலோ சாட்சி

காபித்தூள் கடை அம்மாள், பில்டரின் மேல் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, அடித்தட்டின் ஓட்டைகளை வரிசையாகப் பார்க்கிறார். கொண்டுவந்த வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "பாதி ஓட்டை அடைஞ்சு கெடக்கு சார். இதுல என் தூளைப் போட்டுட்டு, டிகாஷன் எறங்கலைன்னு என்னைத் திட்டுவீங்க" என்று சொல்லி, பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்து அவரிடமே நீட்டுகிறார். ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கும் வாத்தியார், கடை ஓரத்துக் குழாயடியில் குந்தியிருந்து பில்டர் தேய்க்கிறார்.

காபித்தூள் கடைக்கு வருகிறவர்கள் பில்டரையும் கூடவே கொண்டுவர வேண்டும் என்பது இங்கே சட்டம். ஓட்டை பெரிதாக இருந்தால் தூள் கொஞ்சம் கொரகொரப்பாக, சிறிதாக இருந்தால் சற்று நைசாக. தண்ணீர் எவ்வளவு கொதித்த பிறகு ஊற்றுகிறீர்கள், தூளை அழுத்துகிறீர்களா, வீட்டில் எத்தனை பேர் குடிக்கிறீர்கள் என்று கேள்விகள் வரும். வியாதி விசாரிப்பது போலவே இருக்கும். அதனால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இந்த அம்மாளுக்குத் தெருவே சேர்ந்து கொடுத்த பட்டம் டாக்டரம்மா. முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். இப்போது தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வயது ஐம்பத்து மூன்று. குள்ளம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதைக் காணோம் என்று கடை முழுக்கத் தேடிக்கொண்டும் இருப்பார். சிக்கரி அதிகம் கேட்பவர்களை அவர் விரட்டுவதில்லை. கேட்ட அளவு போட்டுவிட்டு, அந்த அளவைப் பொட்டலத்தின் மேல் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவார். விருந்தாளிகள் முன்னால் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கச் சிலருக்குக் கூச்சம். "சிக்கரி கெட்டதுன்னு நான் எங்க சொன்னேன்? எவ்ளோ இருக்குன்னு சொல்லாம கலக்கறதுதான் கெட்டது" என்பார்.

கடையின் பின்கட்டில் கொட்டை வறுப்பவர் அவருடைய கணவர். பேச்சு குறைவு. வறுபடும் கொட்டை வெடிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டே பதம் சொல்வார். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். மனைவியைப் பற்றி அவர் சொன்னதாகத் தெருவில் உலவுவது ஒரே வாக்கியம்தான்: "பறவை கத்தினா வாங்குவா, மொதலாளி கத்தினா வாங்க மாட்டா."

அது உண்மைதான். மலையில் இருக்கும் மூன்று தோட்டங்களிலிருந்து கொட்டை வாங்குகிறார். ஒவ்வொன்றுக்கும் பறிப்புக் காலத்தில் நேரே போய்ப் பார்த்த பிறகுதான் வாங்குவார். அதிகாலைப் பஸ், இரண்டு துண்டு ரொட்டி, ஒரு பாட்டில் தண்ணீர். தோட்டத்தில் இறங்கியதும் மரங்களுக்கு நடுவே போய்க் கால்மணி நேரம் சும்மா நிற்பார். எத்தனை விதமான பறவைச் சத்தம் கேட்கிறது என்று விரல் விட்டு எண்ணுவார். நிழல் மரங்களை வெட்டிவிட்டு, வெயிலில் செடி வளர்த்து, மருந்தடித்துக் காய்க்க வைத்தால் அங்கே பறவை இருக்காது என்பது அவர் கணக்கு. அப்படிப்பட்ட கொட்டையை வாயில் வைத்தால் "காபி கத்தும்" என்பார். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை, குடித்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அடுத்து, பழம் பறிக்கிற பெண்களின் கழிப்பறை. அதற்கடுத்து, அவர்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர். முதலாளி வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். "அங்க ஒரு வாய் தின்னுட்டா, அப்புறம் நாக்கு நம்ம பேச்சைக் கேக்காது." இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருமுறை வாத்தியார் கேட்டதற்கு, "எங்கம்மா முதுகுல" என்று பதில் வந்தது. அம்மா பழம் பறித்தவர். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பறித்திருக்கிறார்.

பார்த்ததையெல்லாம் பொட்டலக் காகிதத்தில் அச்சடிக்கிறார். எந்தத் தோட்டம், என்னென்ன நிழல் மரங்கள், பறித்தவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, இவ்வளவும் இருக்கும். பாதிப் பேர் அதைப் படிக்காமல் கசக்கிப் போடுகிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எழுதியது பொய்யாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்குக் கவலை.

தோட்டத்தில் அவர் கடைசியாகப் பார்ப்பது எடைக்கொட்டகை. சாயங்காலம் மூட்டையோடு வரிசையில் நிற்கிற பெண்ணின் ஒரு நாள் உழைப்பு முழுவதும் அந்தத் தராசு காட்டும் எண்ணில்தான் இருக்கிறது. கிலோவுக்குப் பத்து கிராம் குறைத்துக் காட்டும்படி தராசைத் திருகி வைத்தால் கேட்க நாதியில்லை. அதைக் கண்டுபிடிக்க டாக்டரம்மா ஒரு வழி வைத்திருந்தார். முன்பு இரும்புப் படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போனபோது, நீ என்ன அதிகாரியா என்று ஒரு முதலாளி சீறினாராம். அதிலிருந்து ஒரு தகர டப்பா. உள்ளே காபித்தூள், டப்பாவும் தூளும் சேர்ந்து துல்லியமாக ஐந்து கிலோ. ஏதோ அன்பளிப்பு வருகிறது என்று நினைத்து எடை எழுதுபவர்கள் கையை நீட்டுவார்கள். அவர் அதை நேரே தராசில் வைத்துவிட்டு எண்ணைப் பார்ப்பார். அந்த டப்பாவுக்கு அவர் வைத்திருந்த பெயர் சாட்சி. பறிப்புக் காலம் முடிந்ததும் கடைசித் தோட்டத்துப் பெண்களிடம் டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டு வருவார். தாங்கள் பறித்ததை அவர்கள் குடித்துப் பார்ப்பது வருடத்தில் அந்த ஒரு தடவைதான்.

போன பறிப்புக் காலத்துக்குச் சற்று முன்னால் கடைத் தராசு படுத்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, எண்ணைச் சரிப்படுத்தப் படிக்கல் வேண்டும், மறந்துவிட்டேன், போய் எடுத்து வருகிறேன் என்றார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு. இதைவிடச் சரியான ஐந்து கிலோ இந்த ஊரில் ஏது என்று சாட்சியை எடுத்துக் கொடுத்தார். அவர் அதைத் தட்டில் வைத்து, இதுதான் ஐந்து கிலோ என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நன்றி சொல்லி இரண்டு டம்ளர் காபியும் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த வாரம், மூன்றில் முதலாவது தோட்டம். கிளம்புமுன் சாட்சியைக் கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் ஐந்து. தோட்டத்துத் தராசில் வைத்தார். நாலு கிலோ தொள்ளாயிரம்.

அங்கே எடை எழுதுகிற அம்மாள் பதினெட்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். ஒல்லியான உடம்பு, கனமான கண்ணாடி. டப்பாவை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். அதே எண். டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. வரிசையில் நின்ற நாற்பது பெண்களையும் திரும்பிப் பார்த்து, "அம்பது கிலோ பறிச்சா ஒரு கிலோ போகுது. எத்தனை வருஷமா போகுதோ, இவங்களைத்தான் கேக்கணும்" என்றார். எடை எழுதுகிற அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எண்ணைத் திரும்பப் பார்த்தார். முதலாளி பதறிப்போனார். பொட்டலக் காகிதத்திலிருந்து தன் தோட்டத்தின் பெயர் போய்விடுமே என்ற பயத்தில், அந்த அம்மாளை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். பஸ்ஸில் திரும்பும்போது டாக்டரம்மாவுக்கு நல்ல தூக்கம்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தோட்டம். நாலு கிலோ தொள்ளாயிரம். மலையே திருட்டு மலையாகிவிட்டது என்று வந்து புலம்பினார். அதற்கடுத்து மூன்றாவது தோட்டம். அங்கேயும் அதே நாலு கிலோ தொள்ளாயிரம். ஆனால் அங்கே எடை எழுதுகிறவர் வாய் பேசுகிற ஆள். "பொறுங்கம்மா" என்று சொல்லி, மேசைக்கு அடியிலிருந்து அரசு முத்திரை குத்திய ஐந்து கிலோ இரும்புக் கல்லை எடுத்துத் தராசில் வைத்தார். ஐந்து. அதை எடுத்துவிட்டு டப்பாவை வைத்தார். நாலு தொள்ளாயிரம். "மூணு தோட்டத்துத் திருடனும் கிராம் கணக்கு பேசி வச்சுக்கிட்டா திருடுவோம்?" என்று கேட்டார். டாக்டரம்மா அங்கே கிடந்த காலிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் பழம் பறிக்கிற பெண்கள்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டார். அவர் அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தார். தராசு கெட்டுப்போவதற்கு முந்தின வாரம் பெரியக்கா குடும்பம் வந்திருந்தது. டாக்டரம்மா வெளியே போயிருந்தார். கடையில் அரைத்த தூள் தீர்ந்திருந்தது. கைக்கு எட்டியது இந்த டப்பா. அப்புறம் நிரப்பி வைக்கலாம் என்று நினைத்தவர் மறந்துவிட்டார். எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒம்போது பேரு. ரெண்டு வேளை. நூறு கிராம் இருக்கும்" என்றார். நூறு கிராம் குறைந்த டப்பாவை வைத்துத் தராசைத் திருத்தி, அந்தத் தராசை வைத்தே டப்பாவைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் டாக்டரம்மா. கணவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று கணவருக்கே இருந்ததாம்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு முதல் தோட்டத்துக்குப் போனார். முதலாளி விஷயத்தைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். தன் மேல் தப்பில்லை என்றதும் மனிதருக்குத் தாராளம் வந்துவிட்டது. அந்த அம்மாளை நாளைக்கே கூப்பிட்டுக்கொள்கிறேன், நீங்கள் இதை வெளியே சொல்ல வேண்டாம், சொன்னால் அப்புறம் உங்கள் காகிதத்தை யார் நம்புவார்கள், அதில் என் தோட்டத்தின் பெயரும் இருக்கிறது என்றார். சொன்னதில் நியாயமும் இருந்தது. இருபது வருஷமாகக் கட்டிய பெயர். டாக்டரம்மா எழுந்து வந்தார்.

எடை எழுதுகிற அம்மாளின் வீடு தோட்டத்துக்குக் கீழே இருந்தது. வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்துக்குள் இன்னும் மெலிந்திருந்தார். தண்ணீர் எடுக்கப் போனால்கூட, பறிக்கிற பெண்கள் அவருக்குக் கேட்கும்படி எடையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். டாக்டரம்மா நின்றபடியே நடந்ததைச் சொன்னார். டப்பா, தராசு, நூறு கிராம், எல்லாம். வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்றும் சொன்னார். அந்த அம்மாள் கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நான் திருடலைன்னு எனக்குத்தான் தெரியுமே. அவங்க முன்னாடி நின்னு சொன்னீங்க. அவங்க முன்னாடி நின்னு சொல்லுங்க."

"அதுக்குத்தான் கூப்பிட வந்தேன். நீங்களும் வரணும்."

அந்த அம்மாள் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. வரும்போது வேறு புடவை கட்டியிருந்தார்; கண்ணாடியைத் துடைத்துப் போட்டிருந்தார். இருவரும் மேட்டில் ஏறினார்கள்.

நாலு மணிக்கு மூட்டைகள் வந்து சேர்ந்தன. டாக்டரம்மா வரிசைக்கு முன்னால் நின்று, தப்பு தன்னுடையது என்று ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னார். டப்பாவைத் திறந்து நூறு கிராம் குறைந்திருந்ததையும் காட்டினார். கணவர் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. டப்பாவைச் சரிபார்க்காமல் கொடுத்தது நான்தான் என்று முடித்தார். கூட்டத்தில் ஒருத்தி, அப்படியானால் இத்தனை நாளாக உங்கள் கடையில் தூள் வாங்கினவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாள்.

"கொறைச்சலாத்தான் கெடைச்சிருக்கு. நாளைக்குக் கடை திறந்ததும் அவங்ககிட்டயும் இதைத்தான் சொல்லப்போறேன். இன்னொரு தோட்டத்துலயும் போய்ச் சொல்லணும்."

பெண்கள் அவரை விட்டுவிட்டு எடை எழுதுகிற அம்மாளைப் பார்த்தார்கள்; சிலர் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற பெண், நாற்காலியின் மேல் கிடந்த சாக்கை எடுத்துவிட்டு முந்தானையால் தூசி தட்டினாள். அந்த அம்மாள் மெல்ல வந்து உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து, அன்றைய தேதியை எழுதினார்.

டாக்டரம்மா குனிந்து முதல் மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தார். வைத்துவிட்டு, எண் எரிகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அந்த அம்மாள் எடையைச் சொல்வதற்காகக் காத்திருந்தார்.