பூட்டிய வீடுகளின் பிள்ளைகள்

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று, நாகமலை புதுக்கோட்டையில் வீட்டோடு அமைந்துவிடலாம் என்றிருந்த என்னை, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக மாநிலமெங்கும் உருவாகிவந்த ஓர் இயக்கம் இழுத்துக்கொண்டது. அங்கன்வாடிப் பணியாளர்கள், தாய்மார்கள், மருத்துவர்கள், என்னைப் போன்ற பழைய ஆசிரியர்கள் எனப் பலரும் அதில் இருந்தோம். ஒவ்வொரு குடியிருப்பிலும் நடந்துபோகும் தொலைவில் நல்லதொரு குழந்தைகள் மையம் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதற்குச் சான்று திரட்ட, எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் என்று வீடுவீடாகக் கணக்கெடுத்தோம். மதுரைப் பகுதியின் அறிக்கையை எழுதும் பொறுப்பு எனக்கு வாய்த்தது.

இரண்டு திங்கள் அதில் ஆழ்ந்திருந்தேன். பத்திகளைச் செதுக்கினேன் என்றே சொல்லவேண்டும். அதன் நடை குறித்து எனக்குப் பெருமிதம் இருந்ததை மறைப்பதற்கில்லை.

மாநில மாநாட்டுக்குப் பத்து நாள் முன்னதாக, விளாங்குடியில் ஒரு திருமண மண்டபத்தின் உணவுக்கூடத்தில் உறுப்பினர்களுக்கு அதனை வாசித்துக்காட்டினேன். அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளையும் சிற்றூர் ஒன்றைப் பற்றிய பக்கம் வந்தது. “பிள்ளைகள் மூவர், பூட்டிய வீடுகள் பதினாறு” என்று படித்தேன். பின்வரிசையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து நின்றார். அவ்வூரில் களையெடுக்கும் பெண்கள் கூட்டத்தை முன்னின்று நடத்துபவர் அவர் என்பதைப் பிறகே அறிந்தேன்.

“ஐயா, பூட்டின வீடுன்னு வாசிச்சீகளே, அதுல ஒண்ணு எங்க வீடு. எம் மகனுக்கு மூணு வயசு. பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டா போவேன்?”

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் குறைவு என்பதால் தம் ஊர் மையத்தை மூடி, நான்குவழிச் சாலைக்கு அப்பாலுள்ள ஊரின் மையத்தோடு சேர்த்துவிடப் பேச்சு நடக்கிறது என்றார். அச்சாலையை மூன்று வயதுப் பிள்ளை எப்படிக் கடக்கும் என்று கேட்டார்.

“மூடணும்னு நிக்கிறவுகளுக்கு வேற சாட்சி எதுக்கு? உங்க புஸ்தகமே போதும்ல.”

 எங்கள் தொண்டர்கள் அவ்வூருக்குக் காலை பத்து மணிக்குப் போயிருந்தார்கள். ‘விடியற்பொழுதில் பிறர் வீட்டுக் கதவைத் தட்டுதல் முறையன்று’ என்று அவர்களுக்கு வழிகாட்டுக் குறிப்பு எழுதித் தந்தவன் நான். பத்து மணி, எழுதிப் படித்து வாழ்ந்தவன் வகுத்த கண்ணியமான நேரம். கூலிக்கு நடவும் களையுமாய்ப் போகும் பெண்களுக்கு அது பாதி வேலை முடிந்த நேரம். ஆறரை மணிக்கெல்லாம் அவர்கள் வயலில் இறங்குவதால், அதற்குப் பின்பு திறக்கும் மையத்தில் பிள்ளைகளை விட ஆளில்லை. ஆகவே பிள்ளைகளும் வயலுக்கே போகிறார்கள். மையத்தின் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை. என் அறிக்கையிலும் இல்லை.

மறுநாளே முதற்பேருந்தில் புறப்பட்டேன். கால்வாய்க் கரையோடு நடந்துபோனபோது, தொலைவில் ஒரு பூவரச மரம் தெரிந்தது. அதன் கிளைகளில் மூன்று சேலைத் தூளிகள். நிழலில் எட்டுப் பிள்ளைகள். அவர்கள் நடுவே நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண் அமர்ந்திருந்தார். கால்வாய்ப் பக்கம் நான்கு கழிகள் நட்டு, ஒரு பழஞ்சேலையை வேலியாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர்க்குடமும் அரிவாள்களும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத மரக்கவட்டில் இருந்தன. மூத்த பிள்ளைகள் வயலில் பொறுக்கிய நத்தை ஓடுகளைப் பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை என்று நிரல்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி சின்னஞ்சிறு ஓடொன்றைப் பெரியவற்றோடு வைக்க, பக்கத்திலிருந்தவன் ஒன்றும் பேசாமல் எடுத்து உரிய இடத்தில் வைத்தான். முன்பருவக் கல்வி குறித்து நான் எழுதியிருந்த பக்கங்கள் நினைவுக்கு வந்து என்னைச் சுருங்கச் செய்தன.

ஆயினும் என்னை மெய்ம்மறக்கச் செய்தது வயல்தான். பன்னிரண்டு பெண்கள் வரிசையாய்க் குனிந்து களை பறித்து முன்னேறினார்கள். ஒருவருக்கு ஒரு நிரை. அவர்கள் நடுவே ஒரு நிரையில் மட்டும் ஆளில்லை. ஆனால் அந்த நிரையும் மற்றவற்றோடு சேர்ந்தே களை நீங்கி வந்தது. இடப்பக்கத்தவர் ஒரு கை நீட்டுவார். வலப்பக்கத்தவர் ஒரு கை நீட்டுவார். மரத்தடியில் பிள்ளை பார்ப்பவரின் நிரை அது. அவருக்கும் முழுக்கூலி. உடம்புக்கு ஆகாதவர், பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவருக்கே மரத்தடி. இல்லாவிடில் நாளுக்கொருவர் முறை.

இந்த ஏற்பாட்டை யார் வகுத்தது என்று கேட்டேன். முன்தினம் என்னைக் கேள்வி கேட்டவர் நிமிராமலேயே விடை சொன்னார்.

“இதுக்குப் போயி யாரு கூட்டம் போட்டா? பிள்ளை அழுதா வேலை ஓடாதுல்ல.”

பக்கத்து நிரையிலிருந்தவர் சேர்ந்துகொண்டார். “ஐயா எம்புட்டு நேரம் வரப்புல நிப்பீக? மரத்தடிக்குப் போங்க. உங்களையும் சேத்துப் பாத்துக்கிருவா.”

போனேன். உச்சிவேளை வரை அங்கேயே இருந்தேன். எந்த அலுவலகமும் எந்த வல்லுநரும் இல்லாமல், ஓர் இயக்கம் அங்கே எனக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

நான் அவ்வூரிலிருந்து திரும்புமுன்பே அச்சுக்குப் போய்விட்ட அறிக்கை, மாநாட்டு நாளில் கட்டுக்கட்டாக மேடையருகே இருந்தது. அதனைத் திரும்பப் பெறவேண்டும் என்று நான் எழுந்து சொன்னபோது, மாநிலக் குழுவினர் கலங்கினார்கள். ஒரு மாவட்டத்தின் கணக்கு பிழையென்றால் மொத்தக் கணக்கையுமே அதிகாரிகள் தள்ளிவிடுவார்கள் என்று தலைமை வகித்தவர் அஞ்சினார். அவர் அச்சம் நியாயமானதே. என் பிழை இது, இதனால் ஓர் ஊர் தன் மையத்தை இழக்கும் என்று மட்டும் சொல்லி, களையெடுப்புக் கூட்டத்தின் தலைவியை மேடைக்கு அழைத்தேன். அன்று அவருடைய நிரையையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள, அவர் வந்திருந்தார்.

அவர் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. “எங்க பிள்ளைக இருக்குக. காலைல ஆறு மணிக்கு வாங்க, எண்ணிக்கங்க” என்று சொல்லி இறங்கிவிட்டார்.

 பின்பு, உப்பளப் பகுதியிலிருந்து வந்த ஒருவர் தம் பட்டியலைப் பிரித்து, அங்கும் பூட்டிய வீடுகள் உண்டென்றார். தேயிலை மலையிலிருந்து வந்தவர் எழுந்தார். செங்கற்சூளைப் பகுதியைச் சார்ந்தவர் எழுந்தார். வரிசை வரிசையாய்த் தாள்கள் புரளும் ஓசை மண்டபமெங்கும் பரவியது. நான் பார்த்தது ஒரு மரத்தடி. மாநிலமெங்கும் அத்தகைய மரத்தடிகள் எத்தனை என்பது அக்கணத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. தலைமை வகித்தவரே கணக்கை மீண்டும் எடுக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தார், விடியற்பொழுதில் தொடங்கும் கணக்கு. தாய்மார்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் மையம் திறந்திருக்க வேண்டும் என்பது கோரிக்கையின் முதல் வரியாயிற்று.

புதிய கணக்கு அரசு அலுவலகத்திற்குப் போனபின், அந்தச் சிற்றூரின் மையத்தை இணைக்கும் பேச்சு நின்றது. வேலைப் பருவத்தில் மட்டும் ஆறு மணிக்கே திறந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. மற்ற ஊர்களுக்கு இன்னும் விடை வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மையம் ஆறு மணிக்குத் திறந்த முதல் நாள் காலை நான் போயிருந்தேன். பணியாளர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். கூட்டத்தின் தலைவி மகனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். அவன் திரும்பியும் பாராமல் உள்ளே ஓடிவிட்டான். அவர் சற்றுநேரம் வாசலிலேயே நின்றார். பிறகு, “அழுவான்னுல்ல நெனச்சேன்” என்று எவரிடமும் அல்லாமல் சொல்லிவிட்டு, கரையில் காத்திருந்த பெண்களை நோக்கி நடந்தார்.