டீச்சரின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் சத்தம் போடாத ஆள் கிடைப்பது அபூர்வம். தொண்டை கிழியக் கத்தி, பழக வந்தவருக்கு இருக்கிற கொஞ்சநஞ்சத் தைரியத்தையும் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிறவர்களே அதில் அதிகம். இவள் அந்த ரகம் இல்லை. அதனாலேயே பயிற்சிப் பள்ளியில் இவளுக்கு ‘ஊமை டீச்சர்’ என்று பெயர். பாசத்தில் வைத்த பெயர்தான். கணவர்கூட வீட்டில் ‘டீச்சர்’ என்றே கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் முன்னால் அந்த ‘ஊமை’யும் சேர்ந்துகொள்ளும்.

பள்ளியின் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியாருக்குக் காலடியில் இன்னொரு பிரேக். மற்ற வாத்தியார்கள் முதலில் கத்துவார்கள், பிறகு மிதிப்பார்கள், அதன் பிறகு இன்னொரு முறை கத்துவார்கள். இவள் மிதிப்பாள், அத்தோடு சரி. திட்டு கிடையாது, முறைப்பு கிடையாது, ‘உச்’ கொட்டுவதுகூடக் கிடையாது. கார் தானே மனசு மாறி நின்றுவிட்ட மாதிரி நிற்கும். “பரவாயில்ல, மறுபடி எடுங்க” என்பாள். அறுபது வயதில் ஸ்டியரிங்கைத் தொடத் துணிந்த தையல்காரி, தேர்வில் தோற்றுத் தோற்றுச் சலித்துப்போன வங்கி மேலாளர், நடுங்கி நடுங்கி வருகிற எல்லோருமே அவளைத்தான் கேட்டு வருவார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கர்வமே உண்டு. வாய் சொல்ல வேண்டியதைக் கால் முடித்துவிடும்போது வாய்க்கு என்ன வேலை என்று நினைத்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். இவளுக்கும் சேர்த்து அவனே பேசித் தீர்த்தான். வேகமான கார் என்றால் பைத்தியம். கல்யாணம் முடிவானதும் யாரிடமும் சொல்லாமல் போய், தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். உள்ளே இரண்டே இருக்கைகள். “குடும்பம்னு ஆயிட்டா அப்புறம் பையை எங்க வைக்கிறது, குடையை எங்க வைக்கிறதுன்னு பாத்துத்தான் கார் வாங்கணும்க்கா. அதுக்குள்ள ஒரு தடவை ஆசையைத் தீத்துக்கறேனே” என்றான். முதல் சவாரிக்கு அக்காதான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

கிடங்குகள் நிறைந்த தெரு ஒன்றில் மதில் மூலையிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. அவள் அதைத் தம்பிக்கு முன்பே பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருப்பாளா? அதுதானே அவள் பிழைப்பு. உடனே வலது கால் இறங்கியது. இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மிதித்தாள். மிதித்துவிட்டு, கார் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.

அது தம்பியின் கார். அவள் காலடியில் ரப்பர் விரிப்பு மட்டுமே இருந்தது. காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ‘லாரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘டேய்’ என்றாவது அலறியிருக்கலாம். தம்பி அங்கேயே போய்விட்டான். அவளுக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு சரி.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வந்தது போல ஒன்றையே சொன்னார்கள். “பக்கத்துல டீச்சரே உக்காந்திருந்தும் முடியலைன்னா, அவன் விதி அவ்வளவுதான்மா.” அவள் தலையாட்டினாள். ஒரு தடவை தலையாட்டிவிட்டால் அப்புறம் எந்த நாளில், எந்த வாயால் மாற்றிச் சொல்வது? கணவரிடம் சொல்லவில்லை. மாமா மேல் உயிரையே வைத்திருந்த மகளிடமும் சொல்லவில்லை.

தம்பிதான் அவளை விடவில்லை. குள்ளமான மாணவி ஒருத்தி பழகி முடித்து இறங்கிப் போயிருப்பாள். டீச்சர் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் வந்து கதவைத் திறந்தால், இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளியிருக்கும். நெட்டைக் கால்காரன் ஒருவன் உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். நான்தான் தள்ளியிருப்பேன், மறந்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வாள். சில நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். தூக்கத்திலும் அழுத்தும். காலையில் கணவர் உதை வாங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டே வந்து, “நேத்து எந்த ஸ்டூடன்ட் டீச்சர்? ரொம்ப மோசமான ஆளோ?” என்பார். அவளும் சிரித்து வைப்பாள்.

பள்ளியின் காரில் எந்தப் பயமும் இல்லை, அங்கே காலுக்குக் கீழே பிரேக் இருக்கிறது. சொந்தக் காரில்தான் வினை. தான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பின்னால் உட்கார வேண்டும். ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார மாட்டாள். மகள் கார் பழகும் வயது வந்தபோது, “என் கைக்கு அவ அடங்க மாட்டா” என்று ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டாள். ஊரே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

“ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் பக்கத்துல உக்கார்றே. என் பக்கத்துல மட்டும் உக்கார மாட்டே. அவ்வளவு நம்பிக்கை இல்லியா என் மேல?” என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். டீச்சர் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அடுத்தவர் பார்வையைச் சரிபார்த்தே வாழ்நாளை ஓட்டிய மனிதர், தன் மனைவியை மட்டும் தப்பாகப் படித்தார். வண்டி நிற்காமல் போய்விடுமோ என்பதுதான் இவளுடைய பயம் என்று முடிவு கட்டினார். அப்படியென்றால் உலகத்திலேயே சட்டென்று நிற்கும் காராகப் பார்த்து வாங்கிவிட்டால் போயிற்று. கடையில் ஆள் வராத நேரமெல்லாம் கார்களைப் பற்றிப் படித்துத் தள்ளினார். ஐம்பது வயதுக்கு மேல் அந்த மனிதருக்கு ஸ்போர்ட்ஸ் கார் கிறுக்கு பிடித்தது இப்படித்தான்.

“வேகமா போற வண்டிக்குத்தான் நல்லா நிக்கவும் தெரியும், தெரியுமா?” என்று சாப்பிடும்போது பாடம் எடுத்தார். “பெரிய பிரேக், அகலமான டயர். மிதிச்சா அப்படியே ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். ஆனா நம்ம குடும்பத்துக்கும் ஒத்து வரணும்.”

அந்த ஒத்துவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் பார்த்த காருக்குள் இறங்குவது குளியல் தொட்டிக்குள் இறங்குவது மாதிரி இருந்தது. இறங்கிவிட்டார், ஏறத்தான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது காரில் பின்னிருக்கை என்று ஒன்றைக் காட்டினார்கள். “இதுல யாரு உக்காருவா, என் கைப்பையா?” என்று மகள் கேட்டாள். கணவர் கடையின் சாமான் பெட்டியை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போய், பின்னால் வைத்துப் பார்த்து, மூடி மூடவில்லை என்றால் ‘ஆளை விடுங்க’ என்று கிளம்பிவிடுவார். மூன்றாவது ஷோரூமில் இருந்த காருக்கு நான்கு கதவுகள் இருந்தன. பெட்டி உள்ளே போனது. மூடியும் மூடியது.

அந்த ஷோரூமின் விற்பனையாளர் டீச்சரிடம் கார் பழகியவராம். பார்த்த உடனே முகம் மலர்ந்துவிட்டது. “டீச்சர்! என்னை ஞாபகம் இருக்கா? உங்க வண்டியைச் சுவத்துல ஏத்தப் பாத்தேனே!” என்றவர், மகளிடம் திரும்பினார். “உங்கம்மா மாதிரி ஒரு ஆளைப் பாத்ததில்லைங்க. நான் பண்ணின கூத்துக்கு வேற யாராவது இருந்தா அறைஞ்சிருப்பாங்க. இவங்க ஒரு வார்த்தை பேசல. வண்டி மட்டும் நிக்கும்.”

டீச்சர் அந்தப் புகழ்ச்சியைக் கேட்காதவள் போல விலைப்பட்டியலைப் புரட்டினாள்.

மகள் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வழக்கப்படி விற்பனையாளர்தான் முன்னால் உட்கார வேண்டும். அவரோ, “டீச்சர் இருக்கறப்ப முன்னாடி எனக்கு என்ன வேலை?” என்று பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கணவர் அதற்கு முன்பே பின்னால் ஏறி, குடும்பத்துக்கு ஒத்துவருகிறதா என்று முட்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீச்சர் மறுத்திருப்பாள். பேசாமல் பார்த்ததைத்தான் அவளால் மறுக்க முடியவில்லை. ஏறி, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. மகள் நன்றாகவே ஓட்டினாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது, தம்பியும் நன்றாகத்தான் ஓட்டினான். ஸ்டியரிங்கில் கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இவளுக்கு யாரிடமிருந்து வந்தது? டீச்சர் பக்கவாட்டில் பார்க்கவே அஞ்சினாள். பார்த்தால் அங்கே இருப்பது மகளாக இல்லாமல் போய்விடுமோ என்று தோன்றியது. அக்கா, என்ன பிக்கப் பாத்தியா என்று யாரோ காதருகே சொன்னார்கள். பின்னால் கணவரும் விற்பனையாளரும் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்தியிருந்த இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஓர் ஏணியின் நுனி நீட்டியது. டீச்சர் பார்த்துவிட்டாள். வலது கால் பாய்ந்து இறங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏணிக்குப் பின்னால் அதைத் தோளில் சுமந்தபடி ஒரு பெயிண்டர் சாலையில் கால் வைத்தார்.

பெல்ட் நெஞ்சை அறுக்க, கார் அப்படியே நின்றது.

“பாத்தீங்களா சார்!” என்று விற்பனையாளர் கூவினார். “பாப்பா மிதிக்கறதுக்குள்ள வண்டியே பாத்து, வண்டியே மிதிச்சிடுச்சு! இந்த ஆட்டோ பிரேக்கைத்தான் நான் சொன்னேன்!”

“நின்னுடுச்சு டீச்சர், நின்னுடுச்சு!” என்று கணவர் முன்னிருக்கையைத் தட்டினார்.

பெயிண்டர் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். மகள் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் விறைத்து, பாதம் விரிப்பைத் துளைத்துவிடுவது போல இன்னமும் அழுத்திக்கொண்டிருந்தது.

“அம்மா. எனக்கு முன்னாடியே நீ பாத்துட்டே. கால் முதல்ல போச்சு, அப்புறம்தான் நான் ஏணியைப் பாத்தேன். ஏன்மா சொல்லல?”

டீச்சர் வாயைத் திறந்தாள். “மாமாகிட்டயும் சொல்லல.”

“என்னது?”

“லாரியை நான்தான் முதல்ல பாத்தேன். மிதிச்சேன். நின்னுடும், நின்னுடும்னு உக்காந்திருந்தேன். அது என் வண்டி இல்லைன்னு தோணல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் மிதிச்சிருப்பான். சொல்லல.”

விற்பனையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இத்தனை நாளா நான் வண்டியைத் தேடிட்டு இருந்திருக்கேனே டீச்சர்” என்றார்.

பின்னால் வந்த வண்டி ஹார்ன் அடித்தது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினாள். பிறகு அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள்.

“காலை எடும்மா. இங்க உனக்கு பிரேக் இல்ல. என்ன தெரியுதோ அதை வாயால சொல்லு. நான் மிதிக்கறேன்.”

கார் மெல்ல நகர்ந்தது. காலை எடுக்க அவள் பட்ட பாடு பெரும்பாடு. கையால் தூக்கித்தான் பின்னால் வைக்க வேண்டியிருந்தது.

“நாய்” என்றாள்.

“சரிம்மா.”

“சைக்கிள். ஓரமாத்தான் போறான். அந்த வீட்டு வாசல்ல குழந்தை, கையைப் புடிச்சிருக்காங்க. முன்னாடி போற வேன் திரும்பப் போகுது, லைட் போடல.”

“சரி. சரிம்மா.”

சொல்லச் சொல்ல நிற்காமல் வந்தது. இத்தனை வருடம் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டதெல்லாம் வரிசையில் நின்றது போல வந்தது. கன்னத்தில் வழிந்ததைக்கூட அவள் துடைக்கவில்லை. சாலை திரும்பியது. திருப்பத்துக்கு அப்பால் நேர்சாலை. ஆள் இல்லை, வண்டி இல்லை.

“லாரி” என்றாள் டீச்சர்.

விற்பனையாளர் எட்டிப் பார்த்தார். சாலை வெறிச்சென்று கிடந்தது. தானே பார்த்து, தானே மிதிக்கிற காரும் எதையும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.

மகள் எங்கே என்று கேட்கவில்லை. பிரேக்கை முழுசாக மிதித்தாள். கார் நடுச்சாலையில் நின்றது. எல்லோரும் காலிச் சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“போயிடுச்சாம்மா?” என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள் மகள்.

“இன்னும் இல்ல.”

“சரி” என்றாள் மகள். “நிப்போம்.”