ஒன்பதாம் குழியில் சூசையம்மாள்

கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில், கோட்டைக்குப்பத்துக்கு வடக்கே, வெள்ளமணல்குப்பம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது என்றால் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள்கூடச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உப்பு இலாகாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் பொழுது போகாமல் வெட்டிய ஒன்பது குழிகள் அவை. துரைகள் போனார்கள், உப்பளம் போனது, குழிகள் மட்டும் தங்கிவிட்டன. துரைகளுக்குப் பந்தடிக்கும் கட்டைப் பை தூக்கப் போன குப்பத்து ஆட்கள் ஆட்டத்தைப் பழகிக்கொண்டார்கள். பிடித்துப் போயிற்று, விடவில்லை. இதற்கு வேறு காரணம் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டே இருக்கலாம்.

பச்சைப் புல்வெளி, குடை வைத்த வண்டி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். தரையெல்லாம் அடப்பங்கொடி, மேடெல்லாம் இராவணன் மீசைப் புல், ஓரத்தில் சவுக்கு. குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக மணலில் படகு இன்ஜினின் கழிவு எண்ணெயைக் கலந்து பலகையால் தேய்த்து வைத்த ஒரு வட்டம். எண்ணெய்க்களம் என்பார்கள். ஆடுவதற்கு விடியலில் இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும். வெயில் ஏறினால் அதே இடத்தில் வலை காயப் போட வேண்டும், கருவாடு பரப்ப வேண்டும்.

ஆட ஆசைப்படுகிறவர்கள் முப்பது வீட்டுக்காரர்கள், இருப்பதோ ஒரு மைதானம். அதனால் ஏரியில் வலை போடும் முறையைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பதைப் போலவே ஆட்டத்தின் முறையையும் பிரிப்பார்கள். வருடத்துக்கு ஒரு நாள், மீன்பிடித் தடைக்காலத்தில், வீட்டுக்கொரு பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள். ஒரு காலைக்கு மூன்று வீடு. பத்து நாளைக்கு ஒருமுறை உன் காலை வரும். அன்று காற்று பேயாய் அடித்தாலும் அது உன் காலைதான், வேறு யாரும் தொட மாட்டார்கள். குடத்தில் பெயர் இல்லாதவன் கட்டையைக் கையில் எடுக்கக் கூடாது.

சூசையம்மாளின் பெயர் அந்தக் குடத்தில் இல்லை. இந்தக் கதை அதைப் பற்றியதுதான்.

அவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று. ஒல்லியான, நீளமான, கறுத்த உடம்பு. பத்து வயதில் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் பொறுக்கியவள். பதினெட்டில் சவரியைக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து இன்று வரை நண்டுக் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்குப் போய் வருகிறாள். முறை வந்த வீட்டுக்காரர்களோடு சென்னையிலிருந்து விருந்தாளியாக ஆட வருகிறவர்களுக்குப் பையும் தூக்குவாள். மணலில் சுமையோடு நடக்க அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. எவன் எப்படி நின்றான், எங்கே பார்த்தான், ஏன் கெட்டது என்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

சவரி நல்ல மனிதன், ஆனால் தூங்குமூஞ்சி. குடத்தில் அவன் பெயர் இருந்தது, விடியலில் எழுந்துகொள்ள உடம்பு வணங்கவில்லை. "நீ போய் ஆடு சூசை, கேட்டா எனக்கு இடுப்பு வலினு சொல்லு," என்று திரும்பிப் படுத்துக்கொள்வான். அந்த மனிதனுக்கு இருபத்திரண்டு வருடம் இடுப்பு வலி. அத்தனை வருடமும் அவன் காலையில் இவள் ஆடினாள். யாரோ விட்டுப்போன மூன்று கட்டைகள், ஒன்றின் பிடியில் வலை நூல் சுற்றியது. அவற்றை வைத்துக்கொண்டு அவள் அடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும்! பந்தை மேலே ஏற்றவே மாட்டாள். மேலே போனதைக் காற்று கொண்டுபோய்விடும் என்று தெரிந்தவள். முழங்கால் உயரத்தில் விட்டு, தரையில் தட்டி, மேட்டைச் சுற்றி வளைத்து, எண்ணெய்க்களத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவாள். எனக்கு அந்த ஆட்டத்தின் மேல் பெரிய மோகம் கிடையாது. சூசையம்மாள் ஆடினால் மட்டும் நின்று பார்ப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் சவரி தூக்கத்திலேயே போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்த மறுமாதம் சீட்டுப் போட்டார்கள். செத்தவன் பெயர் குடத்திலிருந்து எடுக்கப்பட்டது, அதோடு அவள் காலையும் போனது. புருஷன் போனதற்கு ஊர் கூடி அழுதது, மற்றதற்கு அவள் தனியாக அழுதாள். பத்து நாளைக்கு ஒருமுறை கிடைத்த அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் அவள் யாருக்கும் எதையும் சுமக்காமல் நடந்திருக்கிறாள்.

ஊர்த் தலைவர் தேசப்பனிடம் போய்க் கேட்டாள்.

"சீட்டு வூட்டு ஆம்பளை பேர்லதான் போடுவோம் சூசை. எங்க நைனா காலத்துலேர்ந்து அப்படித்தான்," என்றார் அவர்.

"எங்க வூட்ல ஆம்பளை இல்லியே தலைவரே. அப்ப அது இன்னா, வூடு இல்லியா?"

தேசப்பன் கெட்டவர் இல்லை. பதில் தெரியாத கேள்வி வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார், அவ்வளவுதான். அன்றும் அதைத்தான் செய்தார். அடுத்த இரண்டு வருடமும் கேட்டாள், இரண்டு வருடமும் துண்டு உதறப்பட்டது. இந்த வருடம் அவள், வலை பின்னவும் ஊர் கூடவும் போட்ட வலைக்கூடத்தில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது போய் நின்றாள். எழுந்து போக வழியில்லாமல் தேசப்பன் கூட்டத்தைப் பார்த்தார்.

பின்னாலிருந்து, குடத்தில் பெயருள்ள ஆட்டக்காரன் பிராங்க்ளின் ஒரு யோசனை சொன்னான். எகத்தாளமாகத்தான் சொன்னான். "போன வருஷம் ஆல்வின் நாப்பத்தொரு அடில முடிச்சான் இல்ல? அத்தினிக்குள்ள சூசைக்கா முடிக்கட்டும், பேரைப் போட்டுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது குழியை நாற்பத்தொன்றில் முடிப்பது சின்ன விஷயமில்லை. ஊர்ப் பலகையில் அதற்குக் குறைவாக எழுதப்பட்டவை நாலைந்துதான் இருக்கும். அவள் கட்டையைத் தொட்டே மூன்று வருடமாகிறது.

"சரி," என்றாள் சூசையம்மாள். "எப்பனு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்டம். படகெல்லாம் கரையேறிக் கிடக்கிற காலம், ஊரில் ஒருவருக்கும் வேலையில்லை. பெண்கள் முதல்முறையாக மைதானத்துக்குக் கூட்டமாக வந்து, ஒன்பதாம் குழிக்கு அருகில் வலைக்கூடத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். கூட ஆடவும் அவள் அடிகளை எழுதவும் ஆல்வினையே அனுப்பினார்கள். அவனுக்கு இருபத்தேழு வயது, மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பளபளவென்று கையுறையெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சூசையம்மாள் சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள்.

முதல் குழியில் ஆறு அடி ஆயிற்று. இரண்டாவதில் பந்து சவுக்குக்குள் போய் இன்னொரு ஆறு. போச்சுடா என்று நிழலில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாவதிலிருந்து உடம்புக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. தென்காற்று தூக்கியடிக்க, ஆல்வினின் பந்து உயரப் போய்க் கண்ட இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. இவள் பந்து சொல்பேச்சு கேட்டுத் தரையோடு ஓடியது. ஆறாம் குழி கடலை ஒட்டியது. அலையின் ஈரம் காலில் படப் படப் போய், மூன்றே அடியில் உள்ளே தள்ளினாள். எட்டுக் குழி முடிந்தபோது முப்பத்தேழு.

"இன்னும் நாலு அடிதான்க்கா," என்றான் ஆல்வின். அவன் குரலில் கேலி எப்போதோ காணாமல் போயிருந்தது.

ஒன்பதாம் குழியில் முதல் அடி நேராகப் போனது. இரண்டாவது எண்ணெய்க்களத்துக்குப் பத்தடி முன்னால், ஒரு மணல் மேட்டின் பின்பக்கம் நின்றது. வலைக்கூடத்திலிருந்து பார்த்தால் மேடு மறைக்கும். ஆல்வின் தன் பந்தைச் சவுக்குக்குள் தேடிக்கொண்டிருந்தான். பந்தைத் தட்டிக் களத்தில் ஏற்ற ஓர் அடி, குழியில் தள்ள ஓர் அடி. நாற்பத்தொன்று. அவள் காலை அவளுக்கு.

பந்துக்குப் பக்கத்தில், அதன் மேல் லேசாகச் சாய்ந்தபடி, ஒரு கிளிஞ்சல் கிடந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கிளிஞ்சலைப் பார்த்து யோசித்திருப்பார்கள். சூசையம்மாள் யோசிக்கவில்லை. சிறுவயது முழுக்கக் கிளிஞ்சல் பொறுக்கியே வயிறு வளர்த்த கை அது. கண்ணில் பட்டதும் குனிந்து, எடுத்து, மடியில் போட்டுக்கொண்டது. போட்ட பிறகுதான் பந்து பாதி விரல் அளவு உருண்டு நிற்பதை அவள் பார்த்தாள்.

குப்பையையோ கிளிஞ்சலையோ எடுக்கலாம், தப்பில்லை. எடுக்கும்போது பந்து அசைந்தால் ஓர் அடி கூடுதல், பந்தையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். துரைகள் காலத்துச் சட்டம். வலைக்கூடத்துப் பலகையில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். இதை மறைக்க எனக்கு மனமில்லை, அவளே சொன்னதுதான். ஒரு முழு மூச்சு விடும் நேரம் நின்று, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

பிறகு பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

"ஆல்வினு! எனக்கு ஒண்ணு சேத்து எழுதுடா. பந்து நகந்துடுச்சு."

ஆல்வின் ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினான். "யாருக்கா பாத்தாங்க? சொம்மா இரு. அடி நீ."

"நான் பாத்தேனேடா."

"லூசாக்கா நீ? இதுக்காக மூணு வருஷம் அலைஞ்சியே."

"எழுதுடா," என்றாள்.

இப்போது ஒரே வழி, இந்த அடியிலேயே பந்தைக் குழிக்குள் போட வேண்டும். வலை நூல் சுற்றிய கட்டையை எடுத்தாள். பந்து மேட்டைத் தாண்டி எண்ணெய்க்களத்தில் இறங்கி, குழியைப் பார்த்து ஓடியது. பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது பந்து. போய்த் தள்ளினாள், விழுந்தது. கைதட்டினார்கள். அவள் கூவியது தென்காற்றில் கூடம் வரை எட்டவில்லை, அவர்களுக்குக் கணக்கு நாற்பத்தொன்றுதான்.

ஆல்வின் அடிக்கணக்கு எழுதிய சீட்டைத் தேசப்பனிடம் கொடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நாப்பத்திரண்டுனு கீதே?"

சூசையம்மாளே நடந்ததைச் சொன்னாள். பிராங்க்ளினுக்கே என்னவோ போலாகிவிட்டது. "விடுங்க தலைவரே, அவங்களே சொன்னதுதானே. நாப்பத்தொண்ணுனே வெச்சுக்கலாம்."

"வேணாம். பேச்சுனா பேச்சு," என்று அவள் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டாள்.

ஆல்வின் கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். மறுபடி கழற்றினான்.

"தலைவரே, போன வருஷம் என்னுது நாப்பத்தொண்ணு இல்ல."

"இன்னாடா சொல்றே?"

"நாலாங்குழில பந்து புல்லு வேர்ல மாட்டிகிச்சு. கால்ல தட்டி வெளிய உட்டேன். யாரும் பாக்கல. ரெண்டு அடி சேத்துக்குங்க."

யாரும் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. பிராங்க்ளின் தலையைச் சொறிந்துகொண்டே, தன் பெயருக்கு நேராகப் பலகையில் இருக்கும் நாற்பதும் அவ்வளவு சுத்தமில்லை என்றான். அவன் பின்னால் நின்றவன், தண்ணீரில் விழுந்த பந்துக்குப் பதில் பையிலிருந்து வேறு பந்தைப் போட்டதைச் சொன்னான். இன்னொருவன் ஆறு என்று எழுத வேண்டியதை ஐந்து என்று எழுதினானாம். பத்து வருடத்துப் பாவமெல்லாம் கரையேறத் தொடங்கியது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"போதும், வாயை மூடுங்கடா!" என்று தேசப்பன் கத்தினார். "இப்படியே போனா பலகைல துரைங்க பேருகூட நிக்காது." தோளிலிருந்த துண்டை உதறினார். கூட்டமே அவர் எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவரச் சொன்னார்.

"ஆல்வினுது நாப்பத்திமூணு. சூசையுது நாப்பத்திரண்டு. பேச்சுனா பேச்சு." காகிதத்தை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கியவர் தலையை நிமிர்த்தினார். "சவரி சம்சாரம்னு எழுதிடட்டா?"

சூசையம்மாள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அதுவரை அவள் அழுததை நாங்கள் கவனிக்கவில்லை.

"சூசையம்மாள்னு எழுதுங்க தலைவரே. இருபத்திரண்டு வருஷமா அவர் பேர்ல ஆடினது நான்தான்."