பஸ்ஸுக்குள் அடித்த காற்று

இன்று பண்ருட்டியிலிருந்து சிதம்பரம் வந்த பஸ்ஸில் ஒரு கிராமத்துப் படம் போட்டார்கள்.

பலா மரத்தடியில் கதாநாயகன் தூங்குகிறான். திடீரென்று காற்று ஊளையிடுகிறது.

அவ்வளவுதான். பஸ்ஸில் ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தோம்.

பக்கத்து சீட்டில் அண்ணாகிராமத்துக்காரர் ஒருவர். போன மாதப் புயலில் முந்திரித்தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டதாம். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"டிவியிலதான் அடிக்குது மாமா" என்றேன்.

"தெரியுது தம்பி. அப்புறம் நீ ஏன் நடுங்குற?"

கண்டக்டர் ஓடிவந்து டிவியை அணைத்தார். "எனக்கும் வேணாம் சார். வூட்டுல இன்னும் கூரை போடல."

சிதம்பரம் வரைக்கும் மாமா கையை விடவில்லை. நானும்தான்.

காற்றே அடிக்காத கிராமத்துப் படம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நாளைக்கும் அதே பஸ்ஸில்தான் வர வேண்டும்.