புழு கடித்த அவரை இலை

கல்யாண மண்டபத்தில் அவரைக்கொடி வேலைப்பாடு போட்ட ரவிக்கையைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். போட்டிருப்பவள் என்ன செய்வாள், பாவம். திருடியவளிடம் எடுத்துக் கொடுத்தவள் நான்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஜீவனஹள்ளியில் எங்களோடு இருந்த சித்தி ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்வாள். துணி அனுப்புகிற பொட்டிக் மேடம் தாமரை, மயில், மாங்காய் தவிர வேறு கேட்டதில்லை. சித்திக்குச் சலித்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சுவரில் படர்ந்திருந்த அவரைக்கொடியைப் பார்த்து, மும்மூன்று இலையும் ஊதாப் பூவுமாகத் தானே ஒரு டிசைன் வரைந்தாள். அதை வைத்துச் சொந்தக் கடை போடுவதாக இருந்தாள்.

வரைந்த தாளில் கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாக ஓட்டை குத்த வேண்டும். துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் படம் இறங்கும். நான்தான் குத்துவேன் என்று அடம்பிடித்தேன். ஓர் இலையின் ஓரத்தில் ஊசி கோட்டை விட்டு உள்ளே போய்விட்டது. எனக்கு அழுகை முட்டியது.

சித்தி சிரித்தாள். “விடுடி, புழு கடிச்ச இலைன்னு வெச்சுக்கலாம்.”

தாளைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகினாள். ஏன் என்று எனக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் சித்தி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது மேடம் வந்தாள். “சித்தி புதுசா ஏதாச்சும் போட்டிருக்காளா கண்ணா?” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எடுத்து நீட்டினேன். “சக்கத்தா இருக்கே!” என்று போனில் படம் பிடித்துக்கொண்டாள். ஒரு துண்டு மைசூர்பாக் கொடுத்தாள். நான் தாளைப் பழையபடி சுருட்டி, இருந்த இடத்திலேயே செருகினேன். அவ்வளவு சமர்த்து.

இரண்டு மாதம் கழித்து, ஜரிகை வாங்கப் போன சித்தியோடு நானும் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு கடையின் கண்ணாடிக்குள் நாலு பொம்மைகள். நாலின் ரவிக்கையிலும் மெஷினில் போட்ட அவரைக்கொடி. நாலிலும் அந்தக் கடித்த இலை.

“சித்தி, நம்ம புழு!” என்று கைதட்டினேன்.

சித்தி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். “யாருக்குடி காட்டின?”

“மேடத்துக்கு.”

சித்தி கடை போடவே இல்லை. இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் பிசிறு நூல் வெட்டுகிறாள்.

அன்று பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் கெடுத்த இலையை ஊரே பார்க்கிறதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் சொன்னேன்:

“அடுத்த வாட்டி ஒழுங்கா குத்துறேன் சித்தி.”