சுவர்ப் பக்கம் திருப்பிய நான்கு ஸ்க்ரூக்கள்

என் மனைவியின் தம்பி, தன் மகளின் ஞானஸ்நான விருந்தில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி என்னை அறிமுகப்படுத்தினான்.

"எங்க மச்சான் நெறைய புக் படிச்சவரு. ஒரு பல்பு மாட்டச் சொன்னா எலக்ட்ரீசியன கூப்பிடுவாரு லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் மறக்கவில்லை.

மறுவாரமே, கோத்தா திங்கி ஆற்றங்கரையில் கட்டி நிறுத்தியிருந்த அவனுடைய மீன்பிடிப் படகில், மழைநீரை வெளியேற்றும் வடிகால் குழாயை மாற்ற வேண்டியிருந்தது. தளத்துக்கு அடியில் அவன் தொப்பை நுழையாது. என்னைப் போன்ற ஒல்லிக்குச்சி நுழையும். குழாயின் முனைகளை வெந்நீரில் முக்கி இளக்கி, பசை தடவிச் செருகி, முனைக்கு இரண்டு கிளிப் போட்டேன். கிளிப்பின் ஸ்க்ரூ கைக்கு எட்டும் பக்கம் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். ஆகவே நான்கையும் கை எட்டாத படகுச் சுவர்ப் பக்கம் திருப்பி, குட்டை ஸ்பேனரால் இறுக்கினேன். ஒரு வாரம் தோள்பட்டை வலித்தது. ஆனால் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. பழிவாங்கும் வேலையில் குறை வைக்கக் கூடாது.

இரண்டு வருடத்தில் குழாய் விரிசல் விட்டது. அதற்குள் சர்க்கரை வியாதியில் இளைத்திருந்தவன் தானே உள்ளே புகுந்தான். நான் மேலே தளத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், ஸ்க்ரூ எங்க?"

"பின்னால தடவிப் பாரு."

"கையே போகல. யாராச்சும் இப்படி மாட்டுவாங்களா?"

"அவசரப்படாத. மெதுவா கழட்டு."

விரல் முட்டி சிராய்ந்து அவன் முனகுவது கேட்டது. உதவியிருக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தேநீர் பாதி மீதமிருந்தது. அவசரமில்லாமல் உறிஞ்சினேன்.